உண்ணி திரும்பிப் பார்த்தான்

இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று பழகிய என் அண்ணாவுக்கு,

காலேஜில் ஃபுட்பால் பிராக்டிஸ் ஆரம்பித்துவிட்டது. இதை உனக்கு யார் சொல்வார்கள்? உன் டீம் ரஷீத் சொல்ல மாட்டான், உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். நம் வீட்டிலோ பந்து என்ற சொல் நீ போனதிலிருந்து யார் வாயிலும் வரவில்லை. ஆகவே நான்தான் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் சாயங்கால பஸ்ஸில் நீ எனக்குச் சொல்வாய், எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று. இந்த வருஷம் நான் சொல்கிறேன், நீ கேள். குறுக்கே பேசாதே. பேச மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது.

டீசல் விலை ஏறியதில் நம் ஊருக்கு வரும் நாலரை மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இனி ஆறு மணி பஸ்தான். அதுவரை மலையாளச் சீமைக் காலேஜிலேயே காத்திருக்க வேண்டும். லைப்ரரிக்குள் உட்காரலாம், உள்ளே இடமும் இருக்கிறது, மின்விசிறியும் இருக்கிறது. நான் பழைய இடத்திலேயே, கிரவுண்டைப் பார்த்த வராந்தாவில் உட்கார்ந்தேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்காதே. கால் போயிற்று.

நீ எப்படிப் போனாய் என்று உனக்கே தெரிந்திருக்காது, அவ்வளவு சீக்கிரம். கோடையிடி முழங்கிய அந்த மே மாதத்துச் சாயங்காலம், மேற்கே நெல்லியாம்பதி மலை கறுத்ததும், மேட்டுக்காட்டில் கட்டியிருந்த ஜோடி மாட்டை அவிழ்த்துவரக் கிளம்பினாய். அப்பா தான் போவதாகத்தான் சொன்னார். நீ அவர் தோளில் இருந்த துண்டை உருவித் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாய். ஒரே ஒரு இடி. நீயும் எடத்து மாடும் அங்கேயே போய்விட்டீர்கள். வலத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. அது தனியாக வந்து நின்றதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மழை அதற்கப்புறம்தான் வந்தது.

சரி, அதை விடு. டீமைப் பற்றிச் சொல்கிறேன்.

ரஷீத்தான் இந்த வருஷம் கேப்டன். லீவில் பிரியாணியாகத் தின்று தொப்பை வைத்திருக்கிறான். மீசையும் வைத்திருக்கிறான். முதல் நாள் ரெண்டு ரவுண்டு ஓடிவிட்டு, ஈரத் தரை என்று பாராமல் மல்லாந்துவிட்டான். ஜெர்மனியில் உலகக் கோப்பை நடக்கிறது அல்லவா, பேப்பரில் படம் பார்த்துவிட்டு, இனி நாமும் எல்லாரும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும் என்கிறான். இருக்கிற இடத்திலேயே இவனால் நிற்க முடியவில்லை. ஆனால் காலில் பந்து பட்டுவிட்டால் பழைய ரஷீத்தான். கோலுக்கு முப்பது அடியில் அவனை விட்டுவிட்டு எவனாவது பார்த்துக்கொண்டு நின்றால் அது அவன் தலையெழுத்து.

வலது ஓரத்தில் ஓட ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான், கொல்லங்கோட்டுப் பக்கம். பூட்ஸ் போட்டால் ஓட்டம் வரவில்லை, கழற்றிப்போட்டால் முயல். பி.டி. வாத்தியார், நம் மாஷ்தான், குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நடந்தபடி, பூட்ஸ் போடு என்று கத்துகிறார். அவன் போட்டுக்கொண்டு ரெண்டு நிமிஷம் தத்தித் தத்தி ஓடுவான், மாஷ் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றி எறிந்துவிடுவான். நீ இருந்தால் சிரித்திருப்பாய். நான் சிரித்தேன். சிரித்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

நடுவில் ஆடுகிறவர்கள் பரவாயில்லை. தோல் பந்து மழையில் நனைந்து பூசணிக்காய் கனம் கனக்கிறது, தலையால் முட்டப் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். வெயில் வந்தால் சரியாகிவிடும். சரியில்லாதது பின்னால்தான்.

உன் ஜோடியைச் சொல்கிறேன். இடது பேக் உண்ணி, வலது பேக் வர்கீஸ். ரெண்டு வருஷம் உன் முன்னால் ஆடிய ரெண்டு பேர். எந்த டீமும் அவர்களைத் தாண்டிச் சுலபமாக வந்ததில்லை என்று நீயே பெருமையடிப்பாய். அந்த ரெண்டு பேரும் முதல் நாள் ஒரே பந்துக்கு ஓடி மண்டையை மோதிக்கொண்டார்கள். அடுத்த பந்துக்கு ரெண்டு பேருமே ஓடவில்லை. நீ போ, நீ போ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து நடுவே உருண்டு போயிற்று. வாரம் முழுக்க இதே கதை. மாஷ் தலையில் அடித்துக்கொள்கிறார். ரெண்டு பேருக்கும் லீவில் ஆட்டம் மறந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

மறக்கவில்லை அண்ணா. எனக்குத் தெரியும். பின்னால் இருந்து கூப்பிட ஆளில்லை.

நீ கோலில் நின்றுகொண்டு என்ன செய்வாய் என்று ஊருக்கே தெரியுமே. அப்பா ஏர் ஓட்டும்போது ஜோடி மாட்டைக் கூப்பிடுகிற அதே கூப்பாட்டை அங்கே கொண்டுபோய் வைத்தாய். "எடத்தே" என்றால் பந்து உண்ணிக்கு. "வலத்தே" என்றால் வர்கீஸுக்கு. "ஓ... ஓ" என்று இழுத்தால் ரெண்டு பேரும் நிற்க வேண்டும், நீயே வந்து பிடிப்பாய். அவர்கள் மலையாளத்திலும் இடத்தும் வலத்தும் உண்டு என்பதால் சுலபமாகப் பிடித்துக்கொண்டார்கள். தங்களை மாடு என்கிறாய் என்று கோபிக்கவுமில்லை. பந்து வருவதற்கு முன்பே உன் குரல் வந்துவிடும், திரும்பிப் பார்க்காமலே போய்விடுவார்கள்.

போன வருஷம் ஃபைனலுக்கு அப்பா ஒரே ஒரு தரம் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? குடையை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். கோலில் இருந்து தன் குரலே வருவதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு மலையாளத்துக்காரரிடம், அது என் உழவுச் சத்தம், அது என் பையன் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஏழெட்டுத் தரம் சொல்லியிருப்பார்.

இப்போது அந்த இடத்தில் நிற்பவனைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டது அதைத்தான்.

பேர் இசக்கிமுத்து. வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட். அப்பா இல்லை, அம்மா கொழுந்து கிள்ளுகிறாள். ஏதோ பள்ளிக்கூட டோர்னமென்டில் மாஷ் பார்த்து வரச்சொல்லி, குமுளி, தேனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்திருக்கிறான். ஒல்லியான உடம்பு, நீளக் கை. அந்தக் கையைப் பற்றி நீயே பொறாமைப்படுவாய். பந்தைப் பிடிக்கிறபோது சத்தமே கேட்பதில்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாய்ந்து, நீ தட்டிவிடுகிற பந்தை அவன் பிடித்துவிடுகிறான். பொய் சொல்லக்கூடாது அல்லவா, சொல்லிவிட்டேன்.

ஆனால் வாயைத் திறக்க மாட்டான். ஒரு வார்த்தை வராது. பின்னால் இருந்து ஒன்று சொன்னால் உண்ணியும் வர்கீஸும் பிழைத்துக்கொள்வார்கள், அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். கூப்பிடு, கூப்பிடு என்று மாஷ் கத்துவார். அவன் தலையை ஆட்டுவான், அடுத்த பந்துக்கும் அதே மௌனம்.

உன் மஞ்சள் ஜெர்சியைத்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். காலேஜ் ஜெர்சிதானே, உன்னுடையதில்லை, எனக்குத் தெரியாதா? ஆனால் முழங்கையில் பஞ்சு வைத்து அம்மா தைத்த ஒட்டு அப்படியே இருக்கிறது, அவளுடைய பழைய செங்கல் நிறச் சேலையின் துண்டு. அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் அம்மாவின் சேலை தெரிகிறது. முதல் நாள் அதைப் பார்த்ததும் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய், மழையில் நின்றேன்.

ரஷீத் ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை கூட வந்து விஷயத்தைச் சொன்னான். டீமில் இருந்தால்தான் இசக்கிக்கு ஹாஸ்டலில் இடமும் சாப்பாடும். அடுத்த சனிக்கிழமை ஒலவக்கோட்டு ரயில்வே காலனிப் பையன்களோடு ஒரு பிராக்டிஸ் மேட்ச் இருக்கிறது. அன்றைக்கும் இப்படியே நின்றால் டவுன் வக்கீல் மகனைக் கோலில் நிறுத்தப்போகிறார் மாஷ். அவன் சுமாராகத்தான் பிடிப்பான், ஆனால் வாய் இருக்கிறது. அப்புறம் இசக்கி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். அங்கே தேயிலை ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டால் மறுபடி காலேஜ் ஏது?

உனக்கென்ன, மறைக்காமல் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போகட்டும் என்றிருந்தது. அவன் விட்ட ஒவ்வொரு கோலுக்கும் என் நெஞ்சில் ஒரு சின்ன இனிப்பு. என் அண்ணன் பழனிச்சாமி இடத்தில் எவனும் நிற்க முடியாது என்று ஊர் பேசட்டும், அது போதும் என்றிருந்தது. நல்லவளாக இருக்க நான் என்ன அம்மனா?

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நீ போனதிலிருந்து அப்பா ஏரைத் தொடவில்லை. நாற்றங்காலுக்குக்கூடப் பெரியப்பா வீட்டு ஜோடிதான் உழுதது. வலத்து மாடு கொட்டகையில் சும்மா நின்று எலும்பாகிக்கொண்டிருந்தது. சந்தை தரகர் வந்து, ஒத்தை மாட்டை வைத்து என்ன செய்வீர்கள், கொடுத்துவிடுங்கள் என்றார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் நடவு யாருக்காகவும் காத்திருக்காது. அன்று காலை பெரியப்பாவிடம் எடத்து மாட்டை மட்டும் கேட்டு வாங்கிவந்து, நம்முடையதோடு சேர்த்து நுகத்தில் கட்டினார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன்.

நேராகப் போகிறவரைக்கும் பிரச்சினையில்லை. வரப்போரம் திரும்புகிற இடம் வந்ததும் நம் மாடு நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பி, பக்கத்தில் நிற்கிற மாட்டை மோந்து பார்த்தது. பார்த்துவிட்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்பா கையில் குச்சி இருந்தது. அடிக்கவில்லை. சேற்றில் அப்படியே நின்றார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "போலாங் கண்ணு... எடத்தே" என்றார். அந்தச் சொல் பாதியில் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார், "எடத்தே." புது மாடு அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தது. நம் மாடும் வைத்தது.

நான் கஞ்சித் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு அழுதேன். அப்பா பார்க்காத மாதிரி உழுதுகொண்டிருந்தார். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவரே இன்னொரு மாட்டைக் கூப்பிட்டுவிட்டார் அண்ணா. நான் மட்டும் எதைப் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன்?

மறுநாள் பிராக்டிஸ் முடிந்து லைப்ரரிப் பக்கத்துக் குழாயில் அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு பையனிடம் போய் நானாகப் பேசினேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அவனே எழுந்து நின்றுவிட்டான். என்னை யார் என்று முதல் நாளே விசாரித்து வைத்திருக்கிறான். சட்டையைக் கழற்றித் தந்துவிடுகிறவன் மாதிரி, நெஞ்சருகே ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டேன். குழாயை மூடிவிட்டுச் சொன்னான்.

"எனக்கு வராதுக்கா. எங்க எஸ்டேட்டுல சத்தம் போடுதது கங்காணி ஒருத்தருதான். மேட்டுல நின்னுக்கிட்டு, கீழ கொழுந்து கிள்ளுத எங்கம்மாவ, சித்திய எல்லாம் மாட்டக் கூப்பிடுத மாதிரி கூப்பிடுவாக. பொறத்தால நின்னுக்கிட்டு மனுசனை அப்படி வெரட்ட எனக்கு நாக்கு எந்திரிக்க மாட்டேங்கு. அதுலயும் அவுக ரெண்டு பேரும் என்னவிடப் பெரியவுக."

நாங்கள் எல்லாரும் அவனை ஊமை என்றும் பயந்தாங்கொள்ளி என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம். பயம் இல்லை அண்ணா, அது மானம்.

"மாட்ட அப்படிக் கூப்பிட்டா மாடு நடக்காது, தம்பி," என்றேன். "எங்கப்பா மேட்டுல நின்னு ஏர் ஓட்டறதில்ல. மாடு மிதிக்கற அதே சேத்துலதான் பின்னால நடக்கறாரு. ஒரு மாட்டுக்கு இன்னொரு மாடு என்ன பண்ணும்னு தெரியாது. பின்னால வர்றவனுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாத் தெரியும். தெரியறதச் சொல்றதுதான் கூப்படறது. அதட்டறதில்ல. எங்கண்ணன் அப்படித்தான் கூப்புட்டான்."

பிறகு அந்த மூன்று சத்தங்களையும் அவனுக்குச் சொன்னேன். எப்போது சொல்ல வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் எல்லாம். பந்து வந்த பிறகு கூப்பிட்டால் வீண், திருப்பத்துக்கு முன்பே மாட்டுக்குக் காதில் விழ வேண்டும் என்றேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். சொல்லச் சொல்ல, உன் அலமாரியைத் திறந்து உன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது போல எனக்கு வலித்தது. பஸ்ஸில் ஏறிய பிறகும் வலித்தது. உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேனே, கோபமா?

சனிக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. ரயில்வே காலனிப் பையன்கள் முரடர்கள், உனக்குத் தெரியும். முதல் பாதியில் இசக்கி மூன்று பந்தைப் பிடித்தான், ஒன்றை விட்டான். அதுவும் உண்ணியும் வர்கீஸும் பார்த்துக்கொண்டு நின்றதால் போன கோல்தான். வாய் திறக்கவில்லை. வக்கீல் மகன் கோட்டோரத்தில் எழுந்து உடம்பை முறுக்கிக்கொண்டிருந்தான். மாஷ் கடிகாரத்தைப் பார்த்தார்.

ரெண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். அந்தப் பக்கத்து உயரமான ஆள் ஒருவன் நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து அடித்தான். அது உண்ணிக்கும் வர்கீஸுக்கும் நடுவே இறங்கியது. அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது.

"எடத்தே."

கத்தவில்லை. நீ எப்படிச் சொல்வாயோ, சரியாக அந்த இழுப்பில், அந்த நேரத்தில், பந்து விழுவதற்கு முன்பே. நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். வர்கீஸ் சட்டென்று ஒதுங்கினான். பந்து உண்ணிக்குத்தான். கால் தூக்கினால் போதும்.

உண்ணி திரும்பிப் பார்த்தான்.

ரெண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தறியாதவன், பந்தை விட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்பி, கோல் கம்பத்தைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தேன் அண்ணா. வரப்போரத்தில் நம் மாட்டின் முகம் அதுதான். மஞ்சள் ஜெர்சி இருந்தது, அம்மாவின் ஒட்டு இருந்தது, நீ இல்லை. அந்த உயரமானவன் பந்தை எடுத்துக்கொண்டு போய் வலைக்குள் போட்டான்.

ரயில்வே பையன்கள் கொஞ்சம் கத்திவிட்டு, நம் பக்கம் யாரும் அசையாததைப் பார்த்துத் தாங்களும் அடங்கிவிட்டார்கள். இசக்கி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். செய்யக்கூடாத எதையோ செய்துவிட்டவனைப் போல ஜெர்சியின் கையை இழுத்து இழுத்து விட்டான். எல்லாம் என்னால்தான். உதவி செய்கிறேன் என்று போய் அவன் பெட்டியை நானே கட்டிக் கொடுத்துவிட்டேன். மாஷ் வக்கீல் மகனைப் பார்த்துத் தலையசைத்தார்.

உண்ணி இசக்கியிடம் நடந்து போனான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய் ஜெர்சியின் கழுத்தைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு அழுதான். நாலு பேர் பார்க்க, மீசை முளைத்த ஆள், வாய்விட்டு அழுதான். நீ கிடந்த அன்றுகூட அவன் அழவில்லை. பந்தலில் பெஞ்சு தூக்கிப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு அலைந்தான். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தானோ.

அப்புறம் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு சொன்னான், இந்தக் கோடி வராந்தாவரைக்கும் கேட்டது.

"ஒந்நுகூடி விளிக்கெடா. இனி ஞான் திரியில்லா."

இன்னொரு தரம் கூப்பிடு, இனி நான் திரும்ப மாட்டேன் என்று. கோட்டுக்கு வந்த வக்கீல் மகனை ரஷீத் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். மாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ரஷீத் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பந்து வர நேரமாயிற்று. அது வருகிறவரைக்கும் நான் தூணை விடவில்லை. வந்தது. "எடத்தே," என்றான் இசக்கி. இந்தத் தரம் குரல் கொஞ்சம் நடுங்கியது. உண்ணி திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, திரும்பாமல் இருக்க அவன் என்ன பாடுபட்டான் என்று இங்கிருந்தே தெரிந்தது. ஒரே உதை. பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போயிற்று. அதற்கப்புறம்தான், மெதுவாகத் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தான். இசக்கியும் அவனைப் பார்த்தான்.

பிறகு வலத்தே கேட்டது, ஓ ஓ கேட்டது. கடைசி வரை நம் வலையில் வேறு கோல் விழவில்லை. ரஷீத் தொப்பையோடு ஓடி ஒன்று போட்டான். ஆனாலும் தோற்றுத்தான் போனோம், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கலைந்து போகும்போது மாஷ் இசக்கியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துவிடு என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவன் அந்த ஜெர்சியைக் கழற்றிப் பிழிந்து, முழங்கை ஒட்டு கசங்காமல் மடித்து வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்தேன். கொல்லங்கோடு வந்ததும் ஒரு அம்மாள் காய்கறிக் கூடையோடு ஏறி, தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாட்டுக்கும். பெரியப்பா வீட்டு மாட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் தாண்டிப் போகும்போது, மாட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏன் அம்முணி, புதுப் பையன் கூப்படறானா?"

அவருக்கு யார் சொன்னது? உண்ணி சொன்னானா, ரஷீத் ஊர்ப்பக்கம் வந்தானா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. "கூப்படறானுங்கப்பா," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே மாட்டின் கழுத்தைத் தடவினார். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

உன் சத்தத்தை ஒரு எஸ்டேட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன் அண்ணா. வீட்டில் உன்னுடையதாக இருந்ததில் அதுதான் நல்ல பொருள். இனி அது அவனோடு எந்தெந்த ஊர்க் கிரவுண்டுக்கெல்லாம் போகுமோ. அங்கே கேட்கிறவர்களுக்கு அது பழனிச்சாமி சத்தம் என்று தெரியுமா? தெரியாது. அதை நினைத்தால்தான் இப்போதும் அழுகை வருகிறது. கொடுக்காமல் வைத்திருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பேன் என்று சொல்ல மாட்டேன், என்னால் முடியாது. ஆனால் பந்து வரும்போது திரும்ப மாட்டேன். பரீட்சையோ, நடவோ, அம்மாவின் அழுகையோ, எது வந்தாலும் முதலில் அதை அடித்து அனுப்புவேன். அது நடுக்கோட்டைத் தாண்டிய பிறகு, நீ அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே, மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன்.

மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் உனக்கு முதல் பந்து எறிந்தவள்,
உன் தங்கச்சி,
மயிலாத்தாள்